மருந்து வெச்சது யாரு?

வளர்த்த பூனை மர்மமாகச் செத்தால் துக்கத்தை முந்திக்கொண்டு சந்தேகம் வந்து நிற்கிறது. காசிமேட்டிலிருந்து ஜப்பானின் மினமாட்டா வரை ஒரு விசாரணை.

"எவனோ மருந்து வெச்சிட்டான்க்கா!"

வடசென்னையின் காசிமேட்டுச் சந்து ஒன்றில் வளர்ப்புப் பூனை வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தால் முதலில் வந்து விழும் வாக்கியம் இதுதான். சொல்பவருக்கு ஆள் யாரென்றும் தெரிந்திருக்கும். மாடியில் கருவாடு காயப்போடும் வீடு. புறாக்கூண்டு வைத்திருக்கும் வீடு. புது பைக்கின் சீட்டைப் பூனை கிழித்துவிட்டதென்று போன வாரம் தெருவே கேட்கக் கத்திய வீடு. இந்த மூன்றில் ஒன்று. சாயங்காலத்துக்குள் குழாயடியில் சண்டை, இரண்டு நாளில் ஜாடைப் பேச்சு, அடுத்த பொங்கலுக்குள் இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. பூனையைத் துணியில் சுற்றி எங்கேயோ புதைத்தாயிற்று. அது எப்படிச் செத்தது என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இருந்தது என்பதுதான் இதில் வேதனை. அந்த வழி காசிமேட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் வேப்பேரியில் இருக்கிறது. அங்கே போகுமுன், இந்த ஊருக்கும் பூனைக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

நாலு வீட்டுப் பூனை

நள்ளிரவு தாண்டி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலச் சத்தம் எழும்போதே பூனைகளுக்கும் பொழுது விடிந்துவிடும். வஞ்சிரமும் வவ்வாலும் கூடை கூடையாக இறங்கும் இடத்தில் அவை நிற்பதில்லை. அங்கே ஆள் கால் அதிகம். விடிந்த பிறகு, மீன் வெட்டித் தரும் அக்காக்கள் பலகையும் கத்தியுமாக வரிசை கட்டி உட்காரும் இடம்தான் அவற்றின் இடம். சங்கராவின் செதிலை உரசி, செவுளைக் கிள்ளி, குடலை உருவி இடது பக்கம் எறிவார் அந்த அக்கா. எந்தப் பக்கம் எறிவார், எந்த நேரம் எறிவார் என்பதெல்லாம் பூனைக்கு அத்துப்படி. இரண்டடி தள்ளி, பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் வந்தால் "சூ!" என்று ஒரு அதட்டல். வராவிட்டால், "எங்கடி போச்சு அது, காலையிலிருந்து காணோம்" என்று தேடல்.

இங்கே "எங்க வூட்டுப் பூனை" என்றால், எங்கள் வீட்டில் படுக்கும், நாலு வீட்டில் சாப்பிடும் என்று பொருள். பத்தடிக்குப் பத்தடி வீட்டில், பகலெல்லாம் கதவு திறந்தே கிடக்கும் தெருவில், பூனையை உள்ளேயே வைத்து வளர்ப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. வைக்கவும் மாட்டார்கள். ஏனென்றால் அதற்கு வேலை இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை போகும் வலையை ஒரே ராத்திரியில் எலி கடித்துக் குதறிவிடும். வலைக் குவியல் மேல் சுருண்டு தூங்கும் பூனையை எந்த மீனவரும் விரட்டுவதில்லை.

வருஷத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகுகள் கொண்டுவரும் சொற்ப மீனுக்குத்தான் சந்தை. கழிவு குறைந்தால் பூனை வீடுகளின் பக்கம் திரும்பும். சமையலறைக்குள் நுழையும், சட்டியை உருட்டும், காயும் கருவாட்டை இழுக்கும். இழுபட்ட கருவாடு அந்த அம்மாவின் அன்றைய வருமானம். புறா விஷயம் இன்னும் மோசம். வடசென்னையில் பந்தயப் புறா வளர்ப்பு பொழுதுபோக்கு என்கிற அளவைத் தாண்டிய ஒன்று. குஞ்சிலிருந்து பழக்கி, மணிக்கணக்கில் வானத்தில் நிற்கவிட்டு, அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட புறாவை ஒரு ராத்திரியில் பூனை கவ்விக்கொண்டு போனால் அவருக்கு வரும் ஆத்திரம் நியாயமானதே. பூனை வளர்ப்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஆக, மருந்து வைக்கக் காரணம் உள்ளவர்கள் தெருவில் இருக்கத்தான் செய்கிறார்கள். சிலர் வைக்கவும் செய்கிறார்கள். ஆனால் காரணம் இருப்பவரெல்லாம் குற்றவாளி ஆகிவிட முடியாது. எல்லாச் சாவும் விஷச் சாவும் இல்லை.

உடம்பு சொல்லும் சாட்சி

அனுபவமுள்ள கால்நடை மருத்துவர், செத்த பூனையின் முகத்துக்கு முன்னால் பாதத்தைப் பார்ப்பார். நகங்கள் நுனி பிய்ந்து, தேய்ந்து, பிளந்திருந்தால் வண்டி மோதியிருக்க வாய்ப்பு அதிகம். அடிபட்டு இழுபடும் நேரத்தில் பூனை தாரைப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ராத்திரியெல்லாம் ஓடும் வட்டாரத்தில் இது அன்றாடம் நடப்பது. மோதிய உடனே சாகாமல், நாலு சந்து தாண்டி வந்து சொந்த வாசலில் விழும் பூனைகள் உண்டு. வெளியே ஒரு கீறல் இருக்காது. உள்ளே கல்லீரல் கிழிந்திருக்கும். வாசலில் விழுந்ததாலேயே வாசலில்தான் ஏதோ நடந்தது என்று வீட்டுக்காரர் நினைப்பார்.

நாய்க்கடியும் இதே ரகம். நாய் பூனையை முதுகில் கவ்வி உதறும்போது முடிக்கு அடியில் பல் பதிந்த புள்ளிகள் மட்டும் இருக்கும். விலா எலும்பு உள்ளே நொறுங்கியிருக்கும். சென்னை மாநகராட்சியின் 2024 கணக்கெடுப்பில் தெரு நாய்கள் சுமார் 1.8 லட்சம். பூனைகளை யாரும் எண்ணவில்லை.

அடுத்து மருத்துவர் பார்ப்பது ஈறு. வெள்ளைக் காகிதம்போல வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். புரோமடியோலோன் என்கிற, கேக் வடிவில் விற்கும் எலி மருந்தின் வேலை இது. சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நாலு நாள் கழித்து ரத்தம் உறையும் சக்தி போய்விடும். இதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக இருக்கிறது, நேரத்தோடு போனால் பிழைக்கவைக்கலாம். ஆனால் "நேத்து ராத்திரி யாரோ வெச்சாங்க" என்று நாம் தேடுவது தப்பான நாளையே. விஷம் போன வாரத்தில் இருக்கிறது.

ஈறு காப்பி நிறத்திலோ நீலமாகவோ இருந்து, முகமும் பாதமும் வீங்கியிருந்தால் கதை வேறு. வீட்டில் யாராவது பாரசிட்டமால் கொடுத்தார்களா என்று கேட்பார்கள். மனிதக் கல்லீரல் அந்த மாத்திரையை உடைத்து வெளியேற்றப் பயன்படுத்தும் என்சைம் பூனைக்குப் போதிய அளவில் கிடையாது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். காய்ச்சலடிக்கிறதே என்று பாலில் கரைத்துக் கொடுத்த பாசமான கை, வெளியே ஆளைத் தேடிக்கொண்டிருக்கும். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் இப்படித்தான். நாய்க்கு ஒன்றும் ஆகாது, பூனைக்கு வலிப்பு வரும்.

எலி மருந்துகளில் கொடியது ஜிங்க் பாஸ்பைடு என்னும் கறுப்புப் பொடி. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்ஃபீன் வாயுவாக மாறும். சில மணி நேரத்தில் பூனை மூச்சுத் திணறி, துடித்துச் சாகும். மாற்று மருந்து கிடையாது. அந்த வாயுவுக்குப் பூண்டு வாடை, அல்லது அழுகிய மீன் வாடை என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. காசிமேட்டில் அழுகிய மீன் வாடையை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? வடையிலும் தேங்காய்ச் சில்லிலும் கலந்து வைப்பார்கள். கருவாட்டுத் துண்டில் தடவியும் வைப்பார்கள். கருவாடு எலியைவிடப் பூனைக்குப் பிடிக்கும். வைத்தவருக்குப் பூனை மேல் எந்த விரோதமும் இருந்திருக்க வேண்டியதில்லை. அவர் வலையைக் காப்பாற்ற நினைத்திருக்கலாம். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். அங்கேயும் யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை.

கடலோரத்துக்கே உரிய சாவுகளும் உண்டு. வலையில் சிக்கி வரும் பேத்தை மீனை மீனவர்கள் தொடாமல் எறிந்துவிடுவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு நரம்பு மண்டலத்தை முடக்கும். எறிந்ததைப் பூனை தின்றால் பூனைக்கும் அதே கதிதான். தூண்டில் நரம்பு இன்னொரு எமன். மீன் வாடை ஒட்டிய நைலான் நரம்பைப் பூனை விழுங்கும். ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போய் அதைச் சுருக்குப் பை மாதிரி இழுத்து அறுக்கும். நாலு நாள் வாந்தி, பிறகு சாவு. வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. பச்சை மீனையே முழுநேர உணவாகத் தின்னும் பூனைக்கு வைட்டமின் பி1 குறைந்து, கழுத்து தொங்கி, வலிப்பு வருவதும் உண்டு. சில வகை மீன்களில் அந்த வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் விஷம்தான்.

அதிகம் ஏமாற்றுபவை இரண்டு. ஒன்று, தெருவில் அடுத்தடுத்து நாலைந்து பூனைகள், முக்கியமாகக் குட்டிகள், வாந்தியும் பேதியுமாகச் செத்தால் ஊரே விஷம் என்று சொல்லும். பெரும்பாலும் அது பான்லூக்கோபீனியா என்னும் வைரஸ் நோய். தடுப்பூசி இருக்கிறது. இன்னொன்று, நேற்றுவரை ஓடிய ஆண் பூனை திடீரென்று பின்னங்கால் இரண்டும் விழுந்து, உயிர் போகிற மாதிரி அலறும். "இடுப்புல கட்டையால அடிச்சிருக்கானுங்க" என்பார்கள். தொட்டுப் பார்த்தால் பின்னங்கால் சில்லென்று இருக்கும். இதயநோயால் உண்டான ரத்தக்கட்டி, கால்களுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்திருக்கிறது. யாரும் கட்டையை எடுக்கவில்லை. அந்த நோய் வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்திருக்கும்.

லண்டன் போலீஸ் மூன்று வருஷம் தேடிய கொலைகாரன்

சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லண்டனின் கிராய்டன் பகுதி நல்ல உதாரணம். 2014 முதல் அங்கே தலையும் வாலும் வெட்டப்பட்ட பூனைகள் தோட்டங்களில் கிடக்க ஆரம்பித்தன. வெட்டு சுத்தமாக இருந்தது. மனிதக் கைதான் என்றார்கள். நூற்றுக்கணக்கான பூனைச் சாவுகள் ஒரே ஆளின் கணக்கில் ஏறின. பத்திரிகைகள் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தன. இன்று பூனையைக் கொல்பவன் நாளை மனுஷனைக் கொல்வான் என்ற பேச்சும் வந்தது. லண்டன் பெருநகரப் போலீஸ் 2015 இறுதியில் விசாரணையைத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று வருஷம் நடத்தி, 2018 செப்டம்பரில் முடித்தது. வண்டி மோதிச் செத்த பூனைகளை நரிகள் கடித்துக் குதறியிருக்கின்றன என்பதே முடிவு. பிறகு ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 32 பூனை உடல்களைப் பரிசோதித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வும் நரியின் டி.என்.ஏ.வையே காட்டியது. நரியின் பல் முடியையும் தோலையும் கத்தி வைத்த மாதிரி வெட்டுமாம்.

பூனையைப் பறிகொடுத்த பலர் இன்றுவரை இதை ஏற்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. தற்செயலைக் கோபித்துக்கொள்ள முடியாது, ஆள் இருந்தால் கோபித்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் அந்தக் கோபம் பெரும்பாலும் எளியவர்கள் மேல் விழுகிறது. 2016-ல் பல்லாவரம் பக்கம் கூண்டில் அடைத்திருந்த பூனைகளை விலங்குநல அமைப்பினர் மீட்ட செய்தி வந்தது. அதிலிருந்து எங்கே பூனை காணாமல் போனாலும் ஊசி பாசி விற்பவர்கள் மேல் கண் போகிறது. வாட்ஸ்அப்பில் பூனை பிரியாணிக் கதை ஒரு சுற்று வருகிறது. ஒரு சம்பவத்தை வைத்து ஒரு சமூகத்தையே கூண்டில் ஏற்றுவதை விசாரணை என்று சொல்லமாட்டார்கள்.

மினமாட்டாவின் பூனைகள்

கிராய்டனுக்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. காசிமேட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

ஜப்பானின் தென்பகுதியில் மினமாட்டா ஒரு மீனவ நகரம், ஆலை நகரமும்கூட. சிஸ்ஸோ என்ற ரசாயன நிறுவனத்தின் ஆலைதான் அந்த ஊருக்குப் படியளந்தது. 1950-களின் தொடக்கத்தில் அங்கே பூனைகள் விநோதமாக நடந்துகொள்ள ஆரம்பித்தன. தள்ளாடின, ஒரே இடத்தில் சுழன்றன, எச்சில் வழியத் துள்ளின, கடலில் போய் விழுந்தன. பூனை ஆடுகிறது என்று ஜனங்கள் சொன்னார்கள். 1954 ஆகஸ்டில் ஒரு வட்டாரப் பத்திரிகையில் சின்னச் செய்தி வந்தது. மோதோ என்ற மீனவக் குப்பத்தில் பூனைகள் அநேகமாகச் செத்துத் தீர்ந்துவிட்டன, எலித் தொல்லை தாங்க முடியவில்லை, எலியை ஒழித்துத் தாருங்கள் என்று மக்கள் நகராட்சியில் மனு கொடுத்திருக்கிறார்கள் என்பதே செய்தி. பூனைகள் ஏன் செத்தன என்று விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் குழந்தைகள் விழுந்தார்கள். 1956 மே 1 அன்று, காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுகிறது என்று ஆலை மருத்துவமனையின் டாக்டர் ஹோசோகாவா ஹாஜிமே தரப்பிலிருந்து சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. ஆரம்பத்தில் தொற்றுநோய் என்று பயந்து, நோயாளி வீடுகளை ஊரே ஒதுக்கி வைத்தது. ஆலை கடலில் விட்ட கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீனில் சேர்ந்து, மீனிலிருந்து பூனைக்கும் மனிதருக்கும் வந்திருந்தது. மனிதரைவிடச் சின்ன உடம்பு, மூன்று வேளையும் மீன். அதனால் பூனை முதலில் செத்தது.

ஹோசோகாவா பூனைகளை வைத்தே சோதித்தார். 1959-ல் ஆலைக் கழிவைச் சோற்றில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். அதற்கு 400 என்று எண். அக்டோபரில் அந்தப் பூனைக்கும் அதே ஆட்டம் வந்தது. நிறுவனம் முடிவை வெளியே விடாமல் அமுக்கியது. ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொள்ள 1968 செப்டம்பர் ஆனது. ஹோசோகாவா 1970-ல் சாகும் தறுவாயில் மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே சாட்சி சொன்னார். 1973-ல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

காசிமேட்டுப் பூனைகள் பாதரசத்தால் சாகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். ஆனால் இந்தக் கரையின் வடக்கே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை ஆட்கள் வாளியால் மொண்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்களின் இறகெல்லாம் தார் பூசியது போலானது. அந்த மாதம் முடியுமுன்பே, 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் கடலோரத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட கரையில் ஒரு பூனை வலிப்பு வந்து செத்தால், எதிர் வீட்டுக்காரரைப் பார்ப்பதற்கு முன் கொஞ்சம் தூரமாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வளர்ப்புப் பூனைகளிடம் பறவைக் காய்ச்சல் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதும், செத்த பூனைகளை யாரோ சோதனைக்கு அனுப்பியதால்தான்.

ஐஸ் பெட்டியும் வேப்பேரியும்

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1905-ல் வேப்பேரிக்கு வந்தது. அங்கே இறந்த விலங்குகளுக்கு உடற்கூறாய்வு செய்யும் நோயியல் துறை இருக்கிறது. பூனைக்குப் போய் போஸ்ட்மார்ட்டமா என்று கூச்சப்பட வேண்டியதில்லை. மாணவர்கள் கற்பதே இப்படி வரும் உடல்களில்தான்.

நேரம்தான் எதிரி. சென்னை வெயிலில் சில மணி நேரத்திலேயே உடல் கெட ஆரம்பிக்கும். குளிப்பாட்டக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. கையில் பாலிதீன் உறை மாட்டிக்கொண்டு, உடலை இரண்டு பையில் சுற்றி, சுற்றிலும் ஐஸ் வைத்துத் தெர்மோகோல் பெட்டியில் மூட வேண்டும். காசிமேட்டில் ஐஸுக்கும் பெட்டிக்கும் பஞ்சமில்லை. ஃப்ரீசரில் போட்டு உறையவைத்தால் திசுக்கள் சிதைந்து பரிசோதனை கெடும். வாந்தி கிடந்தால் அதையும், சந்தேகமான தீனித் துண்டு கிடந்தால் அதையும் மூடியுள்ள டப்பாவில் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு துடிக்கும் பூனை என்றால் உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், முட்டை எதையும் வாயில் ஊற்றாமல், ஆட்டோவில் காற்றோட்டமாக வைத்து ஓடுங்கள். பாஸ்ஃபீன் வாயு தூக்கிக்கொண்டு போகிறவரையும் பாதிக்கும்.

வழக்காக்க வேண்டும் என்றால் முதலில் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். காவல்துறைக் கடிதத்தோடு நடக்கும் உடற்கூறாய்வுக்கே நீதிமன்றத்தில் எடை. உள்ளுறுப்புகளின் நஞ்சுப் பரிசோதனைக்குத் தடய அறிவியல் துறை இருக்கிறது. 1849-ல் மதராஸ் மாகாணத்தில் நஞ்சு கண்டறிவதற்காகத் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் கூடம்தான் அதன் வேர். இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. பக்கத்துக் கடையின் சி.சி.டி.வி. பதிவு சில நாட்களில் அழிந்துவிடும், முதல் நாளே கேளுங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. மாநிலங்களவையில் அதற்கு வித்திட்டவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். அதன் 11-ஆவது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்றைக்கும் அவ்வளவுதான். காசிமேட்டில் வறுத்த மீன் ஒரு துண்டுகூட அதற்குக் கிடைக்காது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலோ, செத்த விலங்கு 10 ரூபாயாவது பெறுமா, 50 ரூபாய் பெறுமா என்ற கணக்கு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு அந்த விலைக்கணக்கைத் தூக்கிவிட்டது. எந்த விலங்கையும் விஷம் வைத்தோ வேறு விதமாகவோ கொன்றால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புகார் கொடுக்கப் போகிறவர் இந்தப் பிரிவு எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது.

அழ இடமில்லாதவர்கள்

சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடி அனுப்பிவைக்கும் வட்டாரம் இது. துக்கத்துக்கு இங்கே சத்தம் உண்டு, கூட்டம் உண்டு, பதினாறாம் நாள் உண்டு. பூனைக்கு அது எதுவும் இல்லை. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் உள்ள தெருவில், பூனை செத்ததற்கு அழுகிறேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. "இதுக்குப் போயி..." என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியத்துக்குப் பயந்து, அடுப்பைப் பார்த்தபடி அழுதுவிட்டு எழுந்துவிடுகிறார்கள் பெண்கள். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர், ஊர் அங்கீகரிக்காத துக்கம் என்று 1989-ல் இதை ஒரு தனி வகையாகவே எழுதினார். அங்கீகாரம் கிடைக்காத துக்கம் ஆறுவதற்கு அதிக நாள் பிடிக்கும் என்பது அவர் கண்டது.

சந்தேகச் சாவில் இன்னொரு சுமையும் சேர்கிறது. வெளியே விட்டது நான்தானே என்ற எண்ணம். பூனையை எப்போதும் வீட்டுக்குள்ளேயே வையுங்கள் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். காசிமேட்டின் ஒற்றை அறை வீடுகளுக்கு அது பொருந்தாது. தன்னால் முடியாத ஒன்றைச் செய்யவில்லை என்று யாரும் தன்னையே தண்டித்துக்கொள்ள வேண்டாம். முடிந்தது ஒன்று உண்டு. ராத்திரிச் சாப்பாட்டை வீட்டுக்குள் போட்டு, கதவைச் சாத்தி, விடிந்தபின் வெளியே விடலாம். நாயும் லாரியும் அதிகம் கொல்வது இருட்டில்தான். கருத்தடை செய்த பூனை அதிகம் அலையாது. பால்கனி இருந்தால் பழைய வலை ஒரு துண்டு கட்டினாலே போதும்.

பிள்ளைகளிடம் "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லாதீர்கள். பிள்ளை தினமும் வாசலில் போய் உட்காரும். செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள். எப்படி என்று கேட்டால், டாக்டர் பார்த்துச் சொல்வார் என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை மட்டும் பிள்ளை காதில் போடாதீர்கள். அந்த வீட்டுப் பையனோடுதான் நாளைக்கு அது பள்ளிக்கூடம் போக வேண்டும்.

மருத்துவர் அறிக்கையில் விஷம் என்று வந்தால் சட்டப்படி போங்கள், விடாதீர்கள். தூண்டில் நரம்பு என்றோ நோய் என்றோ வந்தால், சந்தேகப்பட்டவர் வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். காரணம் தெரியவில்லை என்றும் சில அறிக்கைகள் வரும். அதையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். குறைந்தபட்சம் பார்க்காமல் விட்டோம் என்ற உறுத்தல் இருக்காது.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களின் மீனவர் பஞ்சாயத்துகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள். எந்தத் தெருவில், எந்தத் தேதியில் பூனை செத்தது, சாகுமுன் எப்படி நடந்தது, கடைசியாக எந்த மீன் தின்றது, வேப்பேரியில் என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரே மாதத்தில் ஒரே குப்பத்தில் நாலைந்து பதிவு ஏறினால், அந்தப் பக்கத்தை நகலெடுத்து மாநகராட்சிக்கும் கால்நடைத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள்.